80-க்கு மேல் ஏறக் கூடாத சரக்கு

நம் ஊர்க் கடைகளில் விற்கும் விஸ்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை ஒன்றுதான்: எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப்பாகான மொலாசஸையோ தானியத்தையோ புளிக்க வைத்து, 96 சதவீதம் வரை ஏற்றி வடித்தது. அந்த உயரத்துக்குப் போய்விட்டால் அது கரும்பிலிருந்து வந்ததா அரிசியிலிருந்து வந்ததா என்று எந்த மூக்காலும் சொல்ல முடியாது. ‘நியூட்ரல்’ என்ற பெயரே அதற்குத்தான். பிறகு முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த மால்ட் விஸ்கி கொஞ்சம், கொஞ்சம் வாசனை, கேரமல் நிறம். அங்கே குணம் என்பது கடைசியில் மேலே பூசப்படுவது.

பர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இதற்கு நேர் எதிர். அமெரிக்கச் சட்டம் பர்பனுக்கு வைத்திருக்கும் விதிகளைப் படித்தால் பாதிக்கு மேல் ‘இதைத் தாண்டாதே’ என்ற வகைதான். வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாயில் ஊற்றும்போது 62.5-ஐத் தாண்டக் கூடாது. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் கூடாது. உட்புறத்தைத் தீயில் கருக்கிய புது ஓக் மரக் கலன்தான் வேண்டும். நிறமோ வாசனையோ சேர்க்கக் கூடாது, தண்ணீர் மட்டும் சேர்க்கலாம். மற்றபடி தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், பாட்டிலில் குறைந்தது 40 சதவீத ஆல்கஹால். அமெரிக்காவுக்குள் செய்திருக்க வேண்டும், அது கென்டக்கி மாநிலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் 1964-இல் பர்பனைத் தங்கள் நாட்டுக்கே உரிய பொருள் என்று தீர்மானம் போட்டது.

லேபிளில் ‘ப்ரூஃப்’ என்று பார்த்தால் அதைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். 160 ப்ரூஃப் என்றால் 80 சதவீதம், 125 என்றால் 62.5.

பர்பனைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது அந்த 51 சதவீத மக்காச்சோளத்தைத்தான். அடையாளத்துக்கு அது சரி. குணத்துக்கு அதைவிடப் பெரிய காரணங்கள் அந்த 80-உம் புது மரமும். ஒன்று தானியமும் யீஸ்ட்டும் உண்டாக்கிய மணங்களைத் துடைத்தெடுக்காமல் விட்டுவைக்கச் சொல்கிறது. மற்றொன்று மரம் தருவதை முதல் தடவையிலேயே முழுசாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறது.

தானியக் கலவையை அங்கே மேஷ் பில் என்பார்கள். சாதாரண பர்பனில் மக்காச்சோளம் 70 முதல் 80 சதவீதம். மீதியில் மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, 5 முதல் 14 வரை. அதுபோக மிச்சம் பெரும்பாலும் ரை என்ற தானியம். கோதுமைக்குச் சொந்தம், ஆனால் காரமான மணம் கொண்டது. ஃபோர் ரோசஸ் ஆலை இரண்டு கலவை வைத்திருக்கிறது: ஒன்றில் சோளம் 75, ரை 20, மால்ட் 5, இன்னொன்றில் சோளம் 60, ரை 35, மால்ட் 5. மேக்கர்ஸ் மார்க் என்ற பர்பனில் ரை கிடையாது, சோளம் 70, கோதுமை 16, மால்ட் 14. ரை கூடினால் மிளகு, கிராம்பு, புதினா பக்கம் சாயும். கோதுமை போட்டால் அந்தக் கார ஓரம் மழுங்கி ரொட்டி மணமும் மென்மையும் வரும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் தட்டிவிட வேண்டும். ‘மக்காச்சோளம் இனிப்பு, அதனால் பர்பன் இனிப்பு’ என்று பல இடங்களில் எழுதியிருக்கும். சர்க்கரை ஆவியாகாது, வடிக்கும் கலனான வாலையில் ஏறி மறுபக்கம் வரவே வராது. வடித்தவுடன் எடுத்துக் குடித்தால் பச்சைச் சோள மாவு மணமும் எண்ணெய்ப் பிசுக்கும் காட்டமும்தான் இருக்கும். பர்பனில் நாக்குக்கு இனிப்பாகத் தெரிவதில் பெரும் பங்கு மரத்திலிருந்து வந்த வனிலா, தேங்காய், கேரமல் மணங்கள். இனிப்பு மணத்தை முகர்ந்தால் நாக்கும் இனிப்பென்றே நம்பிவிடும். சோளத்தின் உண்மையான பங்களிப்பு அதன் அடக்கம்தான். மற்ற தானியங்களையும் மரத்தையும் முன்னால் விட்டுவிட்டுத் தான் பின்னால் நின்றுகொள்ளும்.

மக்காச்சோளத்துக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு, எளிதில் வேகாது. அதன் மாவுச்சத்து இறுகியது. அதனால் அரைத்த சோளத்தைத் தண்ணீரோடு 95 முதல் 100 டிகிரி வரை ஏற்றிக் களிபோல் குழையும்வரை வேக வைக்கிறார்கள். சில ஆலைகளில் அழுத்தம் கொடுத்து அதற்கும் மேலே. பிறகு ஆற விட்டு 75, 77 டிகிரிக்கு வந்ததும் ரை. இன்னும் ஆறி 65-ஐ ஒட்டி வந்தபின் கடைசியாக மால்ட். இந்த வரிசையை மாற்றினால் காசு போகும். ரையைக் கொதிப்பில் கொட்டினால் வெளிப்பக்கம் சட்டென்று வெந்து உள்ளே உலர்ந்த மாவோடு உருண்டை கட்டும். கேழ்வரகு மாவைக் கொதிக்கும் உலையில் நேராகக் கொட்டினால் என்ன ஆகுமோ அதேதான். அந்த உருண்டைக்குள் இருக்கும் மாவு சர்க்கரையாகாமலேயே கழிவோடு போய்விடும், உள்ளே ஒளிந்த பாக்டீரியாவும் சூட்டிலிருந்து தப்பிவிடும்.

மால்ட்டின் விஷயம் வேறு. அது சுவைக்காக மட்டும் போடப்படுவதில்லை. முளைகட்டும்போது பார்லியில் உண்டாகும் அமிலேஸ் என்ற நொதிகள்தான் சோளக்களியின் மாவுச்சத்தை வெட்டிச் சர்க்கரையாக்குகின்றன. முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி நீர்த்து இனிப்பதற்குக் காரணமும் இவைதான். நொதி இரண்டு வகை. ஒன்று மாவுச் சங்கிலியை நடுநடுவே துண்டாக்கும், மற்றொன்று ஓரத்திலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கிள்ளும். கிள்ளுகிற வகை சூடு தாங்காது, 65 டிகிரியைத் தாண்டினால் வேகமாகச் செத்துப்போகும். மால்ட்டைக் கொஞ்சம் அவசரப்பட்டு 75 டிகிரியில் கொட்டிவிட்டால் கூழ் நீர்க்கத்தான் செய்யும், பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் யீஸ்ட் தின்ன முடியாத நீளச் சங்கிலிகள் நிறைய மிஞ்சும், சரக்கின் அளவு குறையும். மால்ட் சேர்த்தபின் கூழைக் கொதிக்க வைப்பதில்லை என்பதால் நொதிகள் உயிரோடு புளிக்கும் தொட்டிக்குள்ளும் போய் வேலையைத் தொடர்கின்றன. மால்ட்டைக் குறைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வாங்கிய நொதிகளைச் சேர்க்கும் ஆலைகளும் உண்டு.

எல்லாம் ஒழுங்காகப் போனால் 25 கிலோ தானியத்துக்குச் சுமார் 9 லிட்டர் சுத்த ஆல்கஹால் என்பது கணக்கு.

தண்ணீரைப் பற்றிக் கென்டக்கிக்காரர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். சுண்ணாம்புக்கல் பாறை வழியே வடிந்து வரும் தண்ணீர் அது. பெருமையில் கொஞ்சம் விளம்பரம் உண்டு, இன்று எந்தத் தண்ணீரையும் சுத்திகரித்துக்கொள்ளலாம். ஆனால் அடிப்படை உண்மைதான். அதில் கால்சியம் அதிகம், நொதிக்கும் யீஸ்ட்டுக்கும் நல்லது. இரும்பு மிகக் குறைவு, விஸ்கிக்கு நல்லது. இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தான டானினும் சேர்ந்தால் கருமை வரும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து நம்மவர்கள் மையும் துணிச் சாயமும் செய்த வேதியியல் அதுதான். விஸ்கியில் அது நடந்தால் நிறம் சாம்பலும் கறுப்புமாகத் திரும்பி, வாயில் உலோகச் சுவை தட்டும்.

பெரும்பாலான பர்பன் லேபிள்களில் ‘சவர் மேஷ்’ என்று இருக்கும். இட்லி மாவில் பழைய மாவு கலப்பது போலவும் பாலுக்கு உறைமோர் ஊற்றுவது போலவும் என்று இதை விளக்குவார்கள். அது பிழை. உறைமோரில் உயிர் இருக்கிறது. சவர் மேஷில் சேர்ப்பதோ முந்தைய தடவை வடித்து முடித்தபின் வாலையின் அடியில் மிஞ்சிய வடிகழிவு. ஆவியில் வெந்தது, அதில் ஒரு யீஸ்ட்டும் உயிரோடு இல்லை. அதற்கு இருப்பது புளிப்பு மட்டும்.

அந்தப் புளிப்புதான் தேவை. சுண்ணாம்புத் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. புதுக் கூழில் கால்பங்கை ஒட்டி இந்தப் புளித்த கழிவைச் சேர்த்தால் பிஹெச் 5-ஐ ஒட்டி இறங்கும். அங்கே யீஸ்ட்டுக்கு வசதி, கெடுக்கிற பாக்டீரியாக்களில் பலவற்றுக்கு இடைஞ்சல். நேற்றைய தொட்டியும் இன்றைய தொட்டியும் ஏறக்குறைய ஒரே நிலையில் கிளம்பும். செத்த யீஸ்ட்டின் சத்து புது யீஸ்ட்டுக்குத் தீனியாகும். கழிவைக் கூட்டிக்கொண்டே போனாலும் ஆகாது. புளிப்பு அதிகமாகி யீஸ்ட்டே முடங்கும், தொட்டியில் தானியத்துக்கு இடமும் குறையும்.

இதைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் க்ரோ என்று எழுதிவிடுவார்கள். ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்கர் பெப்பரின் ஆலையில் வேலை பார்த்தவர். இன்று வுட்ஃபோர்ட் ரிசர்வ் ஆலை நிற்கும் இடம். ஆனால் கேத்தரின் கார்ப்பென்டர் என்ற கென்டக்கிப் பெண்மணியின் சவர் மேஷ் செய்முறை 1818-லேயே கைப்பட எழுதப்பட்டுக் கிடைத்திருக்கிறது. க்ரோ செய்தது வேறொன்று, என் பார்வையில் அதைவிடப் பெரியது. வெப்பமானியையும் அடர்த்திமானியையும் கொண்டுவந்து ஒவ்வொரு தடவையும் அளந்து குறித்து வைத்தார். ‘போன மாசம் நல்லா வந்துச்சு’ என்ற பேச்சுக்குப் பதிலாக ஏன் நன்றாக வந்தது என்று சொல்ல முடிந்தது. பீப்பாயைக் கருக்கும் வழக்கத்தைத் தொடங்கியவர் எலைஜா க்ரெய்க் என்ற பாதிரியார் என்ற கதைக்கும் அவர் காலத்துச் சான்று எதுவும் கிடையாது. விற்பனைக்கு நல்ல கதை, அவ்வளவே.

இனி ஊறல். ஆறிய கூழைச் சக்கையோடு சேர்த்தே தொட்டியில் விட்டு யீஸ்ட் போடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் மால்ட் விஸ்கிக்குச் சக்கையை வடிகட்டிவிட்டுச் சாறை மட்டும் புளிக்க வைப்பார்கள். இங்கே கடைசிவரை சக்கை உடன்வரும். 20 டிகிரியை ஒட்டித் தொடங்கும் ஊறல் தானே சூடாகி 30-ஐத் தாண்டும். மூன்று முதல் ஐந்து நாளில் 8 முதல் 10 சதவீத ஆல்கஹால் கொண்ட, புளித்த, மஞ்சள் நிறக் கூழ் கிடைக்கும். டிஸ்டில்லர்ஸ் பியர் என்பார்கள். தொட்டி சைப்ரஸ் மரமாக இருந்தாலும் துருப்பிடிக்காத எஃகாக இருந்தாலும் சுவையில் பெரிய வித்தியாசம் இல்லை. மரம் பார்க்க அழகு, எஃகு கழுவ எளிது, உள்ளே குளிர்நீர்க் குழாய் ஓடினால் இரண்டும் ஒன்றுதான்.

யீஸ்ட் ஆல்கஹாலை மட்டும் செய்வதில்லை. பழ மணம் தரும் எஸ்டர்கள், கனமான உயர் ஆல்கஹால்கள், அமிலங்கள் எல்லாம் அதே தொட்டியில் பிறக்கின்றன. ஃபோர் ரோசஸில் ஐந்து வகை யீஸ்ட் உண்டு. இரண்டு கலவையோடு பெருக்கினால் பத்து விதமான பர்பன், அதே ஆலை, அதே வாலை, அதே வகைப் பீப்பாய். ஒரு வகை யீஸ்ட் பழம் தரும், ஒன்று பூ மணம் தரும், ஒன்று மசாலா. யீஸ்ட்டின் வேலையைச் சந்தேகிக்கிறவர்கள் இந்த பத்தில் இரண்டை அடுத்தடுத்து வைத்து முகர்ந்தால் போதும்.

ஊறல் கெடுவது பெரும்பாலும் சூட்டால். கோடையில் குளிர்நீர் போதாமல் 35-ஐத் தாண்டினால் யீஸ்ட் திணறும்; சர்க்கரை மிச்சமிருக்கும்போதே படுத்துவிடும். அந்த மிச்சத்தைப் பாக்டீரியா பிடித்துக்கொள்ளும். லாக்டிக் வகை கொஞ்சமாக வந்தால் பின்னால் பழ எஸ்டர்களுக்கு அது உதவும், வேண்டுமென்றே விட்டுவைப்பவர்களும் உண்டு. மிஞ்சினால் ஆல்கஹால் குறையும். அசெட்டிக் வந்தால் காடி. ப்யூட்டிரிக் வந்தால் வாந்தி நாற்றம், அதை வடித்தாலும் முழுசாகப் போகாது. ரை அதிகமுள்ள ஊறலுக்கு வேறு தொல்லை. அதிலுள்ள பிசின் நுரையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டியில் இடம் விடாமல் நிரப்பியிருந்தால் இரவோடு இரவாகப் பொங்கித் தரையெல்லாம் வழியும்.

வடிப்பது பெரும்பாலும் நெடிய செம்புத் தூணில். பல மாடி உயரக் குழாய், உள்ளே பதினைந்து இருபது துளைத்தட்டுகள். ஊறல் மேல்பக்கத்திலிருந்து தட்டுத் தட்டாக இறங்கும், அடியிலிருந்து நீராவி ஏறும். ஒவ்வொரு தட்டிலும் நீராவி ஆல்கஹாலைக் கவர்ந்துகொண்டு மேலே போகும். அடிக்கு வரும்போது ஊறலில் ஆல்கஹால் இருக்காது, அதுவே நாளைய சவர் மேஷுக்குப் புளிப்பு. நீராவியைக் கூட்டிவிட்டால் நுரையும் சக்கையும் மேலே இழுத்துவரப்படும், குறைத்துவிட்டால் தட்டுத்துளை வழியே ஊறல் பொத்தென்று இறங்கிக் கழிவோடு ஆல்கஹாலும் சாக்கடைக்குப் போகும். இந்தச் சமநிலையை நாள் முழுக்கப் பிடித்து வைப்பதுதான் வாலைக்காரரின் வேலை.

தூணிலிருந்து வருவது 55, 60 சதவீத அளவில். அதை டப்ளர் என்ற செம்புப் பானையில் இன்னொரு தடவை வடிப்பார்கள். நீர்மமாக்காமல் ஆவியாகவே அடுத்த பானைக்குள் விட்டு நீரில் குமிழ வைத்தால் அது தம்பர். தம் தம் என்று அடிக்கும் சத்தத்தால் வந்த பெயர். முடிவில் 65 முதல் 70 சதவீதம். மேக்கர்ஸ் மார்க் 65-இல் நிறுத்திவிடுகிறது. வண்ணமில்லாத இந்தச் சரக்குக்கு வைட் டாக் என்று பட்டப்பெயர்.

சட்டம் 80 வரை அனுமதித்தும் பலரும் 70-க்குள் நிற்பதைக் கவனியுங்கள். ஏற்ற ஏற்றச் சரக்கு மெலிந்து சுத்தமாகும். கனமான எண்ணெய்கள், தானிய மணம், நீள எஸ்டர்கள் அடியில் தங்கிவிடும். இறக்கி எடுத்தால் அவை கூடவே வரும், அவற்றோடு வேண்டாதவையும் வரும். அந்த வேண்டாதவற்றை வடிப்பால் அல்லாமல் செம்பாலும் கரியாலும் காலத்தாலும் சரிசெய்துகொள்வதுதான் பர்பன் எடுத்துக்கொண்ட வழி. செம்பு வெறும் அலங்காரமில்லை. யீஸ்ட் உண்டாக்கும் கந்தகச் சேர்மங்கள் சூடான செம்பில் பட்டு அதோடு ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் வெந்த முட்டைக்கோஸ் நாற்றம் பாட்டில்வரை வரும். அதனால்தான் செம்பு தேய்ந்து மெலிந்துகொண்டே போகிறது, அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கிறது.

இனிப் பீப்பாய்க்குள் எந்த அளவில் ஊற்றுவது? இதைப் பற்றி லேபிளில் அநேகமாக ஒன்றுமே இருக்காது, சுவையிலோ நிறைய இருக்கும். 1962 வரை சட்ட உச்சவரம்பு 55 சதவீதம், பிறகு 62.5-க்கு உயர்த்தினார்கள். 200 லிட்டர் பீப்பாயில் 55-இல் ஊற்றினால் 110 லிட்டர் சுத்த ஆல்கஹால் அடங்கும், 62.5-இல் 125. முன்பு ஆயிரம் பீப்பாய் தேவைப்பட்ட இடத்தில் இப்போது 880 போதும். பீப்பாயும் கிடங்கு இடமும் மிச்சம். ஆனால் மரத்திலுள்ள சர்க்கரைப் பொருட்கள் தண்ணீரில்தான் நன்றாகக் கரையும், தேங்காய் மணம் தரும் லாக்டோன் போன்றவை ஆல்கஹாலில். 62.5-இல் ஊற்றிய சரக்கு மரத்திலிருந்து வேறு விகிதத்தில் எடுக்கும், பாட்டிலில் அடைக்கும்போது அதிகத் தண்ணீரும் கேட்கும். மேக்கர்ஸ் மார்க் இன்னும் 55-இல்தான் ஊற்றுகிறது. வைல்ட் டர்க்கி 57.5, ஃபோர் ரோசஸ் 60. குறைந்த அளவில் ஊற்றுவது செலவு பிடித்த காரியம். அந்தச் செலவைச் செய்கிற ஆலைக்கு ஒரு காரணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பீப்பாய் அமெரிக்க வெள்ளை ஓக். வெட்டிய மரத்தில் இயல்பாகவே டைலோசிஸ் என்ற அடைப்புகள் நாளங்களை மூடியிருக்கும், அதனால்தான் ஒழுகாது. சிவப்பு ஓக்கில் அந்த அடைப்பு சரியாக இல்லை, அதில் பீப்பாய் செய்தால் சல்லடைதான். ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. முப்பதுக்கு மேற்பட்ட பலகைகள், ஆறு இரும்பு வளையம், உள்ளே இருக்கும் ஈரம் கொடுக்கும் உப்பல். பலகைகளை வெயிலிலும் மழையிலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை அடுக்கி வைத்தால் கசப்பு டானின் கழுவிப்போகும். அவசரத்துக்குச் சூளையில் மட்டும் உலர்த்திய மரத்திலிருந்து வரும் விஸ்கியில் பச்சை மரத்தின் துவர்ப்பு உட்கார்ந்திருக்கும்.

பிறகு தீ. உட்புறத்தைக் கருக்குவதற்கு நான்கு படி: சுமார் 15, 30, 35, 55 விநாடிகள். நான்காம் படியில் கரி வெடித்து முதலைத் தோல் போல இருக்கும், அலிகேட்டர் சார் என்றே அழைக்கிறார்கள். வைல்ட் டர்க்கி பயன்படுத்துவது அதுதான். அந்தச் சில மில்லிமீட்டர் கரி வடிகட்டியாக நின்று கந்தகத்தையும் பச்சை மணத்தையும் பிடித்துக்கொள்ளும். உண்மையான புதையல் கரிக்குக் கீழே, நேராகத் தீப்படாமல் சூடு மட்டும் ஏறிய சிவந்த அடுக்கில் இருக்கிறது. அங்கே மரத்தின் ஹெமிசெல்லுலோஸ் உடைந்து கேரமல் நிறமும் மணமும் ஆகியிருக்கும். மரத்தின் இன்னொரு பொருளான லிக்னின் உடைந்து வனிலா மணம் தரும் வனிலின் ஆகியிருக்கும், கிராம்பு மணமும் அங்கிருந்து கொஞ்சம். பர்பனின் செம்பழுப்பு நிறம் முழுக்க இந்த அடுக்கின் கொடை.

ஆகவே கருக்கினால் போதாது. தீயை முரட்டுத்தனமாகச் சட்டென்று காட்டினால் மேலே கரி இருக்கும், அடியில் சிவந்த அடுக்கு மெலிந்திருக்கும். மெல்லிய சூட்டில் முதலில் நிதானமாக வறுத்து, பிறகு கருக்கிய பீப்பாய்தான் ஆழமான இனிப்பு மணம் தரும்.

சின்னப் பீப்பாயில் ஊற்றினால் வேகமாக முதிரும் என்று புதிய சிறு ஆலைகள் பல இருபது முப்பது லிட்டர் பீப்பாய்களோடு கிளம்பின. லிட்டருக்கு மரப்பரப்பு அதிகம் என்பது உண்மை, ஆறே மாதத்தில் நிறம் அசத்தும். ஆனால் முதிர்வது என்பது மரச்சாறு இறங்குவது மட்டுமில்லை. கலனுக்குள் கசியும் காற்றின் ஆக்சிஜனோடு வருடக்கணக்கில் நடக்கும் மெதுவான மாற்றம், அமிலமும் ஆல்கஹாலும் கூடி எஸ்டராவது, இவற்றைப் பரப்பளவால் அவசரப்படுத்த முடியாது. கிடைப்பது பச்சைச் சரக்கின் மேல் தச்சுப்பட்டறை வாசனை.

கிடங்குக்கு ரிக்ஹவுஸ் என்று பெயர். மரச்சட்டத்தில் ஏழெட்டு மாடி, வெளியே மெல்லிய தகரம், குளிரூட்டல் கிடையாது. நிறைத்த பீப்பாய் ஒன்று 230 கிலோவுக்கு மேல். அதை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தும்போது அடைப்பு உள்ள துளை சரியாக உச்சியில் வந்து நிற்க வேண்டும், கீழ்ப்பக்கம் நின்றால் அந்த வழியே கசியும். உருட்டத் தொடங்கும் இடத்திலேயே துளையின் நிலையைக் கடிகார முள்போல் கணக்கிட்டு விட்டுவிடுகிற ஆட்கள் அங்கே உண்டு.

கென்டக்கியில் கோடை தகிக்கும், குளிர்காலம் உறையும். கோடையில் சரக்கு விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். பலகையைப் பிளந்து பார்த்தால் எவ்வளவு ஆழம் போய்த் திரும்பியிருக்கிறது என்று ஒரு கோடே தெரியும். மேல்மாடி அடுப்பு, கீழ்மாடி கிணற்றடி. ஒரே நாளில் ஊற்றிய இரண்டு பீப்பாய், ஒன்றை மேலே வைத்து ஒன்றைக் கீழே வைத்தால் எட்டு வருடம் கழித்து இரண்டும் வேறு சாதி. மேலே இருந்தது கறுத்து, காரமாகி, மரம் தூக்கலாக இருக்கும். கீழே இருந்தது மென்மையாக, வெளிறி, நிதானமாக. மேக்கர்ஸ் மார்க் பீப்பாய்களை மேலிருந்து கீழே மாற்றி வைக்கிறது. ஃபோர் ரோசஸ் ஒரே தளக் கிடங்கு கட்டி அந்தத் தொல்லையையே ஒழித்தது. மற்றவர்கள் வெவ்வேறு மாடிகளின் பீப்பாய்களைக் கலந்து சுவையைச் சமன்செய்கிறார்கள்.

வருடத்துக்கு 3 முதல் 5 சதவீதம் ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். 4 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால் 200 லிட்டர் பத்து வருடத்தில் 133 ஆகிறது, மரம் குடித்தது தனி. அந்த ஆவியைத் தின்று வளரும் கரும்பூஞ்சை கிடங்குச் சுவர்களையும் சுற்றுவட்டார மரங்களையும் வீடுகளையும் கறுப்பாக்குகிறது. அக்கம்பக்கத்தவர்கள் இதை அழகாகப் பார்ப்பதில்லை. ஈரக்குளிரான ஸ்காட்லாந்தில் முதிர முதிர ஆல்கஹால் சதவீதம் இறங்கும். கென்டக்கியின் சூடான மேல்மாடிகளில் ஆல்கஹாலைவிடத் தண்ணீர் வேகமாகப் போவதால் சதவீதம் ஏறும். 62.5-இல் உள்ளே போனது 70-ஐத் தாண்டி வெளியே வந்ததும் உண்டு. அந்த அளவுக்கு மேல் விமானத்தில் கொண்டுபோகவே அனுமதியில்லை.

மரமும் ஆல்கஹாலும் சேர்ந்த இடத்தில் தீ எப்போதும் காத்திருக்கும். 1996 நவம்பரில் கென்டக்கியின் பார்ட்ஸ்டவுன் ஊரில் ஹெவன் ஹில் ஆலையின் கிடங்குகள் எரிந்தபோது சுமார் 90,000 பீப்பாய் போயிற்று. எரியும் விஸ்கி ஆறாக ஓடி அடுத்த கிடங்கைப் பற்றவைத்தது. 2018-இல் அதே ஊரில் பார்ட்டன் ஆலையின் கிடங்கு ஒன்றில் பாதி ஜூனில் சரிந்தது, மீதி இரண்டு வாரம் கழித்து. புதிதாகக் கட்டுகிறவர்கள் இன்று கிடங்குகளுக்கு இடையில் இடைவெளி விட்டு, வழிந்தால் தேங்க மண்கரை எழுப்புவது இதனால்தான்.

எத்தனை வருடம் வைக்கலாம்? புது மரம் என்பதால் பர்பனுக்குக் காலம் இருபுறமும் கூரிய கத்தி. நான்கு வயதுக்குக் கீழே சோளமும் காட்டமும் தெரியும். ஆறு முதல் பன்னிரண்டு வரை தானியமும் மரமும் ஒன்றையொன்று பார்த்துப் பேசும். பதினைந்துக்கு மேல் பெரும்பாலான பீப்பாய்களில் மரம் மட்டும் பேசும்; தேநீர்த்தூளை ராத்திரி முழுக்க ஊறப்போட்ட துவர்ப்பு. 23 வருடப் பாட்டிலுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுப்பவர்கள் சுவைக்காக அல்ல, அபூர்வத்துக்காகக் கொடுக்கிறார்கள்.

பாட்டில் கட்டுவதில் சொல்ல அதிகமில்லை. 65 சதவீதத்தில் இருக்கும் 100 லிட்டரை 40-க்கு இறக்க ஏறக்குறைய 64 லிட்டர் தண்ணீர் வேண்டும். 46-க்குக் கீழே இறக்கினால் குளிரில் கொழுப்பு எஸ்டர்கள் பிரிந்து கலங்கும். அதைத் தடுக்கக் குளிரவைத்து வடிகட்டுகிறார்கள். கலங்கல் போகும், நாக்கில் உட்காரும் அந்த எண்ணெய்த்தன்மையும் கொஞ்சம் போகும். 80 வரை ஏற்றாமல் காப்பாற்றிக்கொண்டு வந்ததைக் கடைசி வாசலில் விட்டுவிடுவது எனக்குச் சம்மதமில்லை. பனிக்கட்டி போட்டு லேசாகக் கலங்கினால் என்ன குறைந்துவிடும்?

லேபிளில் எதைப் பார்ப்பது? ‘ஸ்ட்ரெய்ட்’ என்றால் குறைந்தது இரண்டு வருடம் மரத்தில் இருந்தது. நான்குக்குக் கீழே என்றால் வயதை அச்சிட வேண்டும், வயதே போடாத ஸ்ட்ரெய்ட் பர்பன் நான்கு வருடமாவது ஆனது. ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ 1897-ஆம் வருடச் சட்டம். பழச்சாறும் புகையிலையும் கலந்து விஸ்கி என்று விற்ற காலத்தில் வந்தது. ஒரே ஆலை, ஒரே பருவத்தில் வடித்தது, நான்கு வருடம் அரசு மேற்பார்வைக் கிடங்கு, சரியாக 50 சதவீதம். இன்றும் காசுக்கு மதிப்பான வாசகம் இதுதான். ‘ஸ்மால் பேட்ச்’ என்பதற்குச் சட்டத்தில் பொருளே கிடையாது, இருபது பீப்பாயும் சின்னது, இருநூறும் சின்னது. ‘டிஸ்டில்ட் பை’ என்று இல்லாமல் ‘ப்ரொட்யூஸ்ட் பை’, ‘பாட்டில்ட் பை’ என்று மட்டும் இருந்தால் சரக்கு வேறெங்கிருந்தோ வாங்கியதாக இருக்கலாம். இந்தியானா மாநிலம் லாரன்ஸ்பர்க்கில் ஒரு பெரிய ஆலை எத்தனையோ பெயர்களுக்கு வடித்துக் கொடுக்கிறது. சரக்கு மோசமில்லை, முன்லேபிளில் இருக்கும் தாத்தா கதைதான் நம்பக் கூடாதது.

ஒருமுறை காலியான பீப்பாயை இன்னொரு பர்பனுக்கு நிரப்ப முடியாது. அதனால் அது பிரிக்கப்பட்டோ முழுசாகவோ கப்பலேறுகிறது: ஸ்காட்லாந்துக்கு, கரீபிய ரம்முக்கு, லூசியானாவில் டபாஸ்கோ மிளகாய்க் கூழுக்கு. சில பெங்களூரில் அம்ருத் ஆலைக்கும் வருகின்றன. அங்கே வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஆவியாகிறது, கென்டக்கியில் எட்டு வருடம் கேட்பதைப் பீப்பாய் நாலைந்து வருடத்தில் கொடுத்துவிடுகிறது.